ஒன்றரை அங்குலப் புகார்

குரலை உயர்த்தாமல் எல்லாச் சண்டையிலும் ஜெயித்த ஒரே ஆளை நான் என் ஆபீசில்தான் பார்த்தேன். ஓசூரில், பாகலூர் ரோட்டில், ஒரு பேட்டரிக் கடையின் மாடியில் இருந்தது என் பிளான் ஆபீஸ். வீட்டுக்கு வரைபடம் போட்டு, அனுமதி வாங்கித் தருகிற தொழில். அவர் அங்கே எட்டு வருடம் வேலை பார்த்தார். மாதாமாதம் சம்பளம் நான் கொடுத்ததால் முதலாளி நான்தான் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. ஆபீசுக்கு வந்து போனவர்களுக்கு உண்மை தெரியும்.

நான் அவரை 'மேடம்' என்பேன். மேஸ்திரிகளுக்கு அவர் 'ட்ராயிங் அக்கா'. கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். கணவருக்கு ஓசூரில் ஷிப்ட் வேலை. கைப்பையில் எலுமிச்சைச் சாத டப்பாவும், ஐந்து மீட்டர் டேப்பும், நீல அட்டை போட்ட நோட்டும் எந்நேரமும் இருக்கும். மாதா கோயிலுக்குப் போனாலும் டேப்பை எடுத்துப் போவார் என்று நினைக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கீழே இருந்த டீக்கடைக்காரர் மாட்டிக்கொண்டார். டீ ஆறிப்போய் வந்தது. நானாக இருந்தால் ஜன்னலைத் திறந்து நாலு வார்த்தை கத்தியிருப்பேன். அவரும் திருப்பிக் கத்தியிருப்பார். மறுநாளும் டீ ஆறித்தான் வந்திருக்கும். இவர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, காலி கிளாசுக்கு அடியில் வைத்து அனுப்பினார்.

'என்ன செய்தோம்: பதினொரு மணிக்கு போன் செய்து மூன்று டீ சொன்னோம். என்ன எதிர்பார்த்தோம்: சூடான டீ. என்ன வந்தது: ஆறிய டீ. எப்போதும் நடக்கிறதா: இல்லை. பதினொரு மணி டீ மட்டும். நாலு மணி டீ சூடாகவே வருகிறது.'

கடைக்காரர் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்துவிட்டார். "மேடம், பதினோரு மணிக்கு ஃபேக்டரி ஆர்டர் போவுது. அதோட சேத்து ஊத்தி வச்சிடறாங்க. இனிமே உங்களுக்குத் தனியா ஊத்தச் சொல்றேன்" என்றார். படி இறங்கும்போது என்னிடம் மெதுவாக, "திட்டியிருந்தா நானும் ரெண்டு திட்டியிருப்பேன் சார். இதுக்கு இன்னா பதில் சொல்றது?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விகள் அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. ஒருமுறை அவர் கணவர் ஆபீசுக்கு வந்திருந்தபோது என்னிடம் முறையிட்டார். "கொழம்புல உப்பு ஜாஸ்தின்னு ஒரு வார்த்த சொன்னேன் சார். எல்லா நாளுமா இன்னிக்கு மட்டுமா, முதல் கரண்டியிலயா கடசி கரண்டியிலயான்னு கேக்கறாங்க. நான் சாப்பிட்டுட்டு ஷிப்டுக்குப் போவணுமா, இல்ல வாக்குமூலம் குடுக்கணுமா?" இவர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பாமலே, "கடசி கரண்டின்னா கலக்கல. முதல் கரண்டின்னா அதிகமா போட்டிருக்கேன். தெரிஞ்சாத்தானே சரி பண்ண முடியும்?" என்றார்.

பஸ் விஷயம் இன்னும் வேடிக்கை. அவர் குடியிருந்த லே-அவுட்டுக்குப் புதிதாக ஒரு நிறுத்தம் கொடுத்திருந்தார்கள். காலை எட்டரை பஸ் சில நாள் நிற்கும், சில நாள் நிற்காது. நின்றிருந்த மற்றவர்கள் பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்த்துத் திட்டினார்கள். இவர் மூன்று வாரம் நோட்டில் குறித்து, டெப்போவுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினார். நிழற்குடையில் நின்றேன், கையை நீட்டினேன், பஸ் நிற்கும் என்று எதிர்பார்த்தேன், புதனும் வெள்ளியும் மட்டும் நிற்கவில்லை. டெப்போவிலிருந்து போன் வந்தது. அந்த இரண்டு நாளும் வேறு டிரைவராம். புது நிறுத்தம் வந்ததை அவருக்கு யாரும் சொல்லவில்லையாம்.

"சொல்லிட்டோம்மா. கம்ப்ளெயின்ட்ட முடிச்சிடலாமா?"

"நாலு வாரம் போவட்டும் சார். நின்னா நானே எழுதிக் குடுக்கறேன்."

போனை வைத்ததும் நான் சிரித்தேன். "எதுக்கு மேடம், பாவம், முடிச்சுக்கட்டும்னு விட வேண்டியதுதானே?"

"சரி பண்ணவங்க மூடக் கூடாது சார். பட்டவங்கதான் மூடணும்."

இதையெல்லாம் அவர் எங்கே கற்றார் என்று சொல்வதற்கு என் திருட்டுத்தனத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அப்போது நான் வரைந்துகொண்டிருந்தது பூட்டு உடைத்த மென்பொருளில். விலை கொடுத்து வாங்கினால் என் ஒரு வருட வருமானம் போய்விடும் என்பதால், யாரோ பூட்டை உடைத்துக் கொடுத்த பிரதியை வைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த ஆபீஸ்கள் எல்லாவற்றிலும் இதே கதைதான். வெட்கம் என்று எதுவும் கிடையாது. ஊரே நனைகிற மழையில் நானும் நனைகிறேன் என்ற நினைப்பு.

ஒருநாள் கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு மாம்பழ வியாபாரி வந்தார். பத்து வருடம் முன்பு நான் வரைந்த வீட்டின் மேல் இன்னொரு மாடி எடுக்க வேண்டும், பழைய பிளான் வேண்டும். கோப்பு என்னிடம் பத்திரமாக இருந்தது. புதுக் கம்ப்யூட்டரில் திருட்டுப் பிரதி ஓடவில்லை. கைக்குக் கிடைத்த வேறொரு பதிப்பு அந்தப் பழைய கோப்பைத் திறக்கவில்லை. நான் போட்ட கோடு, என் மேஜையில் இருக்கிற கோப்பு, என்னால் பார்க்க முடியவில்லை. வியாபாரி என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் வீட்டைத் திரும்ப அளந்துதான் வரைந்தோம்.

அன்று சாயங்காலம் மேடம் என் கம்ப்யூட்டரில் ஒரு இலவச மென்பொருளை ஏற்றினார். இங்கே வருவதற்கு முன் ஒரு பெங்களூர் கம்பெனியில் வேலை பார்த்தபோதே அதில் வரைந்து, அதன் குறைகளை எழுதி அனுப்பிப் பழகியவராம். அதன் உள்ளே எழுதியிருக்கும் ஒவ்வொரு வரியையும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைத் திருப்பிக் கொடுக்கலாம். கம்பெனி என்று எதுவும் இல்லை. தங்கள் வேலைக்கு வேண்டும் என்று இரண்டு மூன்று இன்ஜினியர்கள் இயந்திர பாகம் வரையத் தொடங்கியது. பிறகு ஏதோ ஒரு நாட்டுக் கட்டடக்காரர் வந்து சுவரும் ஜன்னலும் சேர்த்தார். இன்னொருவர் படிக்கட்டு. இன்னொருவர் கூரை. இப்படியே வருடக்கணக்காகக் கைமாறிக் கைமாறி வளர்ந்திருக்கிறது. பதிப்பு எண்ணைப் பார்த்தேன். பூஜ்யம், புள்ளி, அதற்குப் பிறகு ஏதோ எண்.

"என்னா மேடம், பொறந்து இத்தன வருஷம் ஆச்சுங்கறீங்க, இன்னும் ஒரு வயசு ஆவலயா இதுக்கு?"

"உருப்படியா ஆனாத்தான் ஒண்ணுன்னு போடுவாங்களாம் சார். நேர்மையான ஆளுங்க."

அந்தச் சமயத்தில் அது உருப்படியாக இல்லை என்பதற்கு நானே சாட்சி. கதவை நகர்த்தினால் சுவர் மறைந்துவிடும். சுவரைத் திரும்ப வரவழைத்தால் ஜன்னல் கூரைக்கு மேலே நிற்கும். நான் தலையில் அடித்துக்கொள்வேன். அவர், "கெடச்சிருச்சு சார்!" என்பார், தொலைந்த கம்மல் கிடைத்த மாதிரி. உடனே அந்த மென்பொருள்காரர்கள் குறைகளை எழுதிப் போட வைத்திருந்த இணையப் பலகையில் எழுதுவார்: என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன வந்தது. அங்கே அப்படித்தான் எழுத வேண்டுமாம். யாரும் யாரையும் திட்டுவதில்லை. இரண்டு நாளில், அல்லது இரண்டு மாதத்தில், முகம் தெரியாத ஒருவர் அதைச் சரி செய்து, 'இப்போது பாருங்கள்' என்று எழுதியிருப்பார். இவர் பார்த்து, சரியாக இருந்தால் மட்டும் புகாரை மூடுவார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என் பழைய மென்பொருளுக்குச் சுவர் என்றால் இரண்டு கோடுதான். இதற்குச் சுவர் சுவர்தான்: அதன் கனம், உயரம், செங்கல், பூச்சு எல்லாம் அதற்குத் தெரியும். வீடு முடிந்ததும் அந்தக் கோப்பை ஒரு பென்டிரைவில் போட்டு வீட்டுக்காரரிடமே கொடுத்துவிடுவார் மேடம். "இருபது வருஷம் கழிச்சு உள்ள பைப் ஒழுகினா, எங்க ஓடுதுன்னு அவங்களே தொறந்து பாக்கட்டும். அப்ப நம்ம ஆபீஸ் இருக்குமோ இருக்காதோ" என்பார். கட்டடத்தோடு கோப்பும் கைமாற வேண்டும், எந்தக் காலத்திலும் எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்க வேண்டும், முனிசிபாலிட்டியில் கொடுப்பதும் அதுவாகவே இருக்க வேண்டும் என்பது அவர் கனவு. அப்புறம் வீட்டுக்காரர்கள் எதற்கு என்னிடம் திரும்பி வருவார்கள் என்பது என் கவலை. அவர் என் கவலையைக் காது கொடுத்துக் கேட்டதே இல்லை.

எங்கள் பக்கத்தில் வீடு கட்டுகிறவர்கள் தமிழ் பேசுவார்கள், தெலுங்கு பேசுவார்கள், கன்னடம் பேசுவார்கள். எந்தப் பாஷைக்காரரும் மனையடியில் மட்டும் ஒன்று சேர்ந்துவிடுவார்கள். அறையின் உள்ளளவு பதினொரு அடி என்றால் நல்லது, பன்னிரண்டு ஆகாது என்று பஞ்சாங்கப் பக்கத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பார்கள். அந்த உள்ளளவு செங்கல்லுக்குச் செங்கல் அளப்பது கிடையாது. பூசி முடித்த சுவருக்குப் பூசி முடித்த சுவர். உலகத்து மென்பொருள் எதற்கும் இது தெரியாது. செங்கல் அளவைக் காட்டும். பூசிய பிறகு பதினொரு அடி அறை பத்தடி பத்தரை அங்குலமாக நிற்கும். மாமியார் குடிவர மாட்டேன் என்பார். எங்களுக்கு வசவு விழும்.

மேடம் இதைப் பலகையில் எழுதினார். ஒரு குளிர்தேசத்துக்காரர், 'நம்பிக்கைகளுக்கு எல்லாம் மென்பொருளில் இடம் கொடுக்க முடியுமா?' என்று மரியாதையாகக் கேட்டார். இவர் எழுதிய பதிலை எனக்குத் தமிழில் சொன்னார்: "மனையடி எனக்கும் நம்பிக்கை இல்ல. ஆனா பூச்சு நம்பிக்கை இல்லயே சார், அது சிமென்ட்டும் மணலும்." பிறகு அந்தக் குளிர்தேசத்துக்காரரே உதவி செய்தார். மத்தியான இடைவேளையில் எலுமிச்சைச் சாதத்தை ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மேடம் நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். நாலைந்து மாதத்தில், பூச்சைக் கழித்து உள்ளளவு காட்டும் ஒரு சின்ன நிரல் அந்த மென்பொருளில் சேர்ந்தது. எங்கெங்கேயோ இருந்தவர்கள் எல்லாம் அதை எடுத்துப் பயன்படுத்தினார்கள். மனையடி என்றால் என்னவென்றே தெரியாதவர்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. எந்த மேஸ்திரியைப் பார்த்தாலும், "எங்க ஆபீஸ்ல எழுதினது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தப் பெருமையில் இருந்தபோதுதான் அன்வரும் ஷாகிராவும் வந்தார்கள். அன்வருக்கு ஒரு தொழிற்சாலையில் லேத் வேலை. ஷாகிராவுக்குச் சின்ன வயதிலிருந்தே கால்கள் நடக்காது; வீல்சேர். மாடி ஏற முடியாததால் ஆபீஸ் கீழே இறங்கியது. பேட்டரிக் கடை வாசலில் நின்றுதான் பேசினோம்.

"வீட்ட எப்படி வேணா கட்டுங்க மேடம்" என்றார் ஷாகிரா. "ஹால் பெருசா சின்னதா, எதுவும் நான் கேக்கல. பாத்ரூமுக்கு மட்டும் நானே போவணும். உள்ள போயி நானே தாழ்ப்பா போடணும். கல்யாணமாகி இத்தன வருஷத்துல ஒரு நாளும் அப்படிப் போனதில்ல. இவருதான் தூக்கிக்கினு போறாரு. ஷிப்டுக்குப் போய்ட்டாருன்னா, வர்ற வரைக்கும் தண்ணி குடிக்காம இருப்பேன்."

அன்வர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மேடம் கைப்பையிலிருந்து டேப்பை எடுத்தார். பேட்டரிக் கடைக்காரரிடம் சாக்பீஸ் வாங்கி, வாசல் தரையில் இரண்டு கோடு போட்டு, கோட்டு மேல் பழைய பேட்டரிகளைச் சுவர் மாதிரி அடுக்கினார். ஷாகிரா அவற்றின் நடுவில் வண்டியை ஓட்டி, கதவு இருக்கும் இடத்தில் திரும்ப வேண்டும். இரண்டேமுக்கால் அடியில் திரும்பவில்லை. ஒரு அங்குலமாக நகர்த்தி நகர்த்தி, மூன்று அடியில் திரும்பியது. அதில் ஓர் அங்குலம் குறைத்தாலும் கால் வைக்கும் பலகை பேட்டரியில் இடித்தது. ரோட்டில் போனவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஷாகிரா சிரித்துக்கொண்டே பத்து தடவை திரும்பிக் காட்டினார். நீல நோட்டில், 'நடைவழி, பூச்சுக்குப் பிறகு, மூன்று அடி' என்று எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்தார் மேடம்.

பாகலூர்ப் பக்கத்தில் வீடு எழுந்தது. வெங்கடப்பா மேஸ்திரி கட்டினார். தெலுங்குக்காரர், வேலையில் கறார். ஐந்து மாதத்தில் பூச்சும் முடிந்தது. இன்னும் பத்து நாளில் குடிபோக வேண்டும்.

ஒரு மத்தியானம் மேடம் சாத டப்பாவைத் திறந்தவர், திரும்ப மூடினார். "என் மேல புகார் வந்திருக்கு சார்" என்றார்.

தூரதேசத்தில் பள்ளிக்கூடம் கட்டுகிற யாரோ ஒருவர் எழுதியிருந்தார். என்ன செய்தேன்: மெல்லிய சுவர்களுக்கு நடுவே ஒரு நடைவழி வரைந்து, உங்கள் நிரலில் உள்ளளவு கேட்டேன். என்ன எதிர்பார்த்தேன்: பூச்சைக் கழித்த அளவு. என்ன வந்தது: கழிக்காத அளவு. எப்போதும் நடக்கிறதா: ஆம், மெல்லிய சுவருக்கு மட்டும்.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. மனையடி பார்ப்பவர்கள் அறையைத்தான் அளப்பார்கள். பாத்ரூமுக்குப் போகிற நடைவழிக்கு யாரும் மனையடி பார்ப்பதில்லை. எங்கள் பக்கம் அறைகளுக்கு ஒன்பது அங்குலச் சுவர். நடைவழிக்கு நாலரை அங்குலத் தடுப்புச் சுவர். மேடம் ஒன்பதுக்குப் பூச்சைக் கழிக்கச் சொல்லி எழுதியிருந்தார். நாலரையை மறந்துவிட்டார். அவர் மட்டும் என்ன, அதைச் சோதித்துப் பார்த்த நானும் அறைகளைத்தான் பார்த்தேன்.

ஷாகிரா வீட்டு நடைவழியையும் அதே நிரலில்தான் அளந்து வரைந்திருந்தோம். அன்வருக்கு போன் போட்டேன். "நீங்களே வாங்க சார். இங்க பெரிய பிரச்சனையா இருக்கு" என்றார். போனை வைப்பதற்குள் அவர் யாரையோ சத்தம் போடுவது கேட்டது.

என் வண்டியில் இருவரும் கிளம்பினோம். இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். பாதி வழியில் நான் சொன்னேன்: "மேடம், மேஸ்திரி பூச்சைக் கொஞ்சம் கனமா போட்டுட்டார்னு சொல்லிடலாம். ஒன்னரை இஞ்ச்தானே? யாருக்குத் தெரியப் போவுது?"

பின்னாலிருந்து அவர் குரல் வந்தது, டீக்கடைச் சீட்டு எழுதிய அதே நிதானத்தில். "அப்ப வண்டிய நிறுத்துங்க சார். நான் பஸ்ல வரேன்."

நான் நிறுத்தவில்லை. அந்த யோசனையை விட்டுவிட்டு வண்டியை விரட்டினேன்.

வீட்டில் அன்வர் மேஸ்திரியின் முகத்துக்கு நேராகக் கையை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தார். "நா ட்ராயிங்ல இருக்கற மாதிரிதான் கட்டினேன், தேவுடா சாட்சி" என்று வெங்கடப்பா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ஷாகிரா நடைவழியில் வண்டியில் உட்கார்ந்திருந்தார். புதுப் பூச்சில், கால் பலகை மோதிய இடத்தில் நாலைந்து கீறல். எங்களைப் பார்த்ததும் இன்னொரு தடவை திருப்பிக் காட்டினார். இடித்தது.

மேடம் மண்டியிட்டு அளந்தார். இரண்டடி பத்தரை அங்குலம். பூச்சின் கனத்தையும் கதவு ஓரத்தில் அளந்தார். எழுந்து நின்று அன்வரைப் பார்த்துச் சொன்னார்.

"மேஸ்திரி மேல தப்பில்லங்க. பூச்சு சரியான கனத்துல இருக்கு. ட்ராயிங்ல இருக்கறபடிதான் கட்டியிருக்காரு. நான் எழுதுன கணக்குல தப்பு. இந்தச் செவுருக்குப் பூச்சு உண்டுங்கறத நான் விட்டுட்டேன்."

வெங்கடப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்வரின் கை கீழே இறங்கியது. "தப்பா பேசிட்டேன் மேஸ்திரி, மனசுல வச்சுக்காதீங்க" என்றார். பிறகு எங்களிடம், "பரவால்ல மேடம், விடுங்க. இத்தன வருஷம் தூக்கினேன், இனிமே தூக்க மாட்டேனா?" என்றார்.

"நீங்க தூக்குவீங்க" என்றார் ஷாகிரா. "அது எனக்குத் தெரியாதா?"

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே போய் மணல் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே மேடம், "இந்தச் செவுர நாளைக்கு இடிச்சிடலாம், செலவு ஆபீசோடது" என்று சொல்வது கேட்டது. என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்த நிமிடத்தில் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆபீசுக்கு வந்ததும் அந்தப் பள்ளிக்கூடக்காரரின் புகாருக்குக் கீழே எழுதினார். தப்பு என்னுடையது. என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன வந்தது. கடைசியில் வழக்கத்தில் இல்லாத ஒரு வரி சேர்த்தார்: 'இதனால் பாகலூரில் ஒரு பெண்ணால் தன் வீட்டு பாத்ரூமுக்குப் போக முடியவில்லை. இந்த நிரலைப் பயன்படுத்திய எல்லோரும் தயவுசெய்து உங்கள் நடைவழிகளை அளந்து பாருங்கள்.' கீழே தன் பெயர், எங்கள் ஆபீஸ் பெயர்.

தொழில் போச்சு என்று நான் நினைத்தேன். பதில்கள் வந்தன. யாரும் திட்டவில்லை. குளிர்தேசத்துக்காரர் அன்றே கூட உட்கார்ந்து நிரலைத் திருத்தினார். ஒருவர், நாளைக் காலை எழுப்ப இருந்த சுவரை நிறுத்திவிட்டேன், நன்றி என்று எழுதினார். நாங்கள் முன்பு போட்டுக் கொடுத்த வீடுகளுக்கும் மேடம் டேப்போடு போனார். கூடவே நானும் போனேன். மற்ற எந்த வீட்டிலும் வீல்சேர் திரும்ப வேண்டிய நடைவழி இல்லை. ஆனாலும் வீட்டுக்கு வீடு நின்று விஷயத்தைச் சொன்னார். ஒரு வீட்டில் காபி கொடுத்தார்கள். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள்.

அந்த மென்பொருள்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு தப்பு நடந்தால், அதே தப்பு திரும்ப வராமல் இருக்க ஒரு சோதனை எழுதி வைப்பார்கள். புதுப் பதிப்பு வெளிவருவதற்கு முன் கம்ப்யூட்டர் எல்லாச் சோதனையையும் ஓட்டிப் பார்க்கும்; ஒன்று தோற்றாலும் அங்கேயே நின்றுவிடும். மேடம் எழுதிய சோதனையில், இரண்டு நாலரை அங்குலச் சுவர், நடுவே பூச்சுக்குப் பிறகு மூன்று அடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு அவர் வைத்த பெயர் 'பாகலூர்'.

அவர் கணவருக்கு வெளிமாநிலத்தில் வேலை மாறியது. போகிற அன்று நான் மாலை, பொன்னாடை எல்லாம் வாங்கி வைத்திருந்தேன். பேசவும் நாலு வரி தயார் செய்திருந்தேன். நான் தொடங்குவதற்குள் அவரே முந்திக்கொண்டார். "சார், நாலு மணி டீ இப்பல்லாம் ஆறி வருது, கொஞ்சம் பாருங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். இப்போதும் எங்கோ உட்கார்ந்து அந்தப் பலகையில் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார். அவர் எழுதியதா என்று நான் பெயரைப் பார்ப்பதில்லை. முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

அந்த மென்பொருளுக்கு ஒருவழியாக ஒரு வயது ஆனது. பதிப்பு எண் 'ஒன்று' என்று வந்த அன்று, பேட்டரிக் கடை, டீக்கடை எல்லோருக்கும் மைசூர் பாகு கொடுத்தேன். எதற்கு என்று கேட்டவர்களுக்குப் பிறந்தநாள் என்றேன். பிறகு மாடிக்கு வந்து, சோதனைகளை நானே ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். திரையில் வரி வரியாக ஓடியது. எந்த நாட்டுப் படிக்கட்டோ, யார் வீட்டுக் கூரையோ. நடுவில் ஒரு வரி: பாகலூர், சரி. இனி எந்த நாட்டில் யார் புதுப் பதிப்பு வெளியிட்டாலும் அந்த மூன்றடிக்குள் புகுந்துதான் வர வேண்டும். அந்த வரியைப் பார்த்ததும் எனக்கு அன்வர் வீட்டில் கழிந்த அந்த வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது.

சுவரை இடித்து, தள்ளிக் கட்டி, பூசி, காய விட்டிருந்தார்கள். வெங்கடப்பா ஒவ்வொரு வரிசை செங்கல்லுக்கும் மேடத்தைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லியிருந்தார். அந்த வேலை நடந்த மூன்று நாளும் மேடம் சிமென்ட் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் அன்வர், வெங்கடப்பா, மேடம், நான், நாலு பேரும் ஹாலில் நின்றோம். மேடத்தின் கையில் நீல நோட்டு. பலகையில் புகார் இன்னும் திறந்தே இருந்தது. நிரல் திருத்தியாகிவிட்டது, மூடிவிடலாமே என்று குளிர்தேசத்துக்காரர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். இவர் மூடவில்லை.

ஷாகிரா வண்டியை உருட்டிக்கொண்டு போனார். கதவுக்கு நேராக நின்றார். திருப்பினார். எதிலும் இடிக்காமல் வண்டி உள்ளே போனது. கதவு சாத்திக்கொண்டது. பிறகு உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

மேடம் நோட்டைத் திறந்தார், பேனாவையும் எடுத்தார். எழுதவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. அன்வருக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டடி முன்னால் போய், "ஷாகிரா, எல்லாம் சரியா? நான் வரட்டா?" என்றார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இருங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

"இனி புகாரை மூடிடலாமே மேடம்" என்றேன் நான், மெதுவாக.

"அவங்க வந்து சொல்லட்டும் சார்" என்றார். நாங்கள் நாலு பேரும் வெளியே காத்துக்கொண்டு நின்றோம்.